கைமாறிய சத்தம்

பாஸ்டன் நகருக்குத் தெற்கே வேமத் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் இளைஞர்கள் நான்கு பேர் 1984-இல் பாஸ்டனில் உள்ள ரேடியோபீட் ஸ்டூடியோவுக்குப் போய் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயர் சீஜ். முற்றுகை என்று பொருள். கெவின் மஹோனி பாட, கர்ட் ஹாபெல்ட் கிடாரும் ஹேங்க் மெக்நமீ பேஸ் கிடாரும் வாசிக்க, ராபர்ட் வில்லியம்ஸ் டிரம்ஸ் அடித்தார். அந்தப் பதிவு ‘டிராப் டெட்’ என்ற பெயரில் மாதிரி நாடாவாக வெளியே போயிற்று. மறு ஆண்டு, பல குழுக்கள் சேர்ந்த தொகுப்பு இசைத்தட்டு ஒன்றில் மேலும் மூன்று பாட்டுகள் வந்தன. அதே ஆண்டில் குழு கலைந்துவிட்டது. சொந்தமாக ஒரு ஆல்பம் கிடையாது. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தமும் கிடையாது. அந்த ஒன்பது பாட்டையும் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் உலகின் மிக வேகமான ராக் இசையின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த இருபது நிமிடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. இது எப்படி நடந்தது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், சீக்கிரம் முடிந்துபோனவை எல்லாம் காவியமாகிவிடும் என்பது. அந்தப் பதில் எனக்கு ஒப்புதலாக இல்லை. சீஜ் நினைக்கப்படுவது, அது கலைந்த பிறகு வேறு சிலர் அதை எடுத்துப் புழங்கியதால்தான் என்று நினைக்கிறேன். அப்படிப் புழங்கியிராவிட்டால், அது எவ்வளவு சோகமாகக் கலைந்திருந்தாலும் இன்று அதன் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் இந்த இசை என்னவென்று சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் பங்க் ராக்கை இன்னும் சுருக்கி, இன்னும் முரட்டுத்தனமாக்கி, எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கியது ஹார்ட்கோர். பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மேடைக்கும் பார்வையாளருக்கும் இடைவெளி இருக்காது. பாடகர் பாடுவதைவிடக் கத்துவதே அதிகம். வாஷிங்டன் நகரின் மைனர் திரெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980-இல் தொடங்கி 1983-இல் கலைந்த அந்தக் குழுவின் மொத்தப் படைப்பும் ஒரே குறுந்தகட்டில் அடங்கிவிட்டது. ஹெவி மெட்டல் வேறு வழியில் வளர்ந்தது: கனத்த கிடார் ஒலி, நீண்ட பாட்டுகள், விரல் வித்தை, பெரிய மேடை. அந்தக் காலத்தில் இரு கூட்டத்தாருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. தலைமுடியின் நீளத்தை வைத்தே யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். சீஜ் இரண்டையும் கேட்டு வளர்ந்த குழு. இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களின் ஆத்திரத்தையும் மெட்டலின் கனத்தையும் எடுத்துக்கொண்டு, அதுவரை கேட்ட எல்லாவற்றையும்விட வேகமாக வாசித்துவிட வேண்டும் என்று முனைந்தது. வெறும் வீம்பு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ரீகன் ஆட்சியின் அணு ஆயுதப் பதற்றத்தில் ‘கோல்ட் வார்’, ‘ஆர்மகெடான்’, ‘ஸ்டார்வேஷன்’ என்று பாட்டுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு நிதானமாகப் பாடுவது பொய்யாகத் தோன்றியிருக்கும்.

அந்த வேகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டிரம்ஸில். சாதாரண ராக் பாட்டில் கால் பெடலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மும், இடது கைக்குச்சி அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் மாறி மாறி வந்து காலை ஆட்டவைக்கும் நடையைத் தரும். அந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருக்கும். ராபர்ட் வில்லியம்ஸ் செய்தது அந்த இடத்தை அழித்ததுதான். கால், வலது கையின் சிம்பல், இடது கையின் ஸ்னேர் மூன்றும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இடைவிடாமல் விழும்போது, தாளம் தனித்தனி அடியாகக் கேட்பது நின்று ஒரே உறுமலாகிவிடுகிறது. ‘பிளாஸ்ட் பீட்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அடி இது. இதைச் சீஜ் மட்டுமே கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் வேறு சில இடங்களிலும் இதன் சாயல்கள் உண்டு. ஆனால் கேட்டவுடன் நானும் இப்படி அடிக்க வேண்டும் என்று தூரதேசத்து இளைஞனைக் கிளப்பிவிட்ட பதிவுகளில் முதல் வரிசையில் இருப்பது ‘டிராப் டெட்’. கேட்டவன் பிரமித்து உட்கார்ந்துவிடாமல் குச்சியைக் கையில் எடுத்தான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தூரதேசத்துக்கு அது எப்படிப் போயிற்று? கடையில் விற்கவில்லை, வானொலியில் ஒலிக்கவில்லை. தபாலில் போயிற்று. எண்பதுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, பிரேசில், ஜப்பான் என்று பரந்திருந்த ஒரு நாடாப் பரிமாற்ற வலை இருந்தது. தட்டச்சு செய்து நகலெடுத்த சிறு பத்திரிகைகளில் முகவரிகள் வரும். ஒருவர் தன்னிடம் உள்ள நாடாக்களின் பட்டியலை இன்னொருவருக்கு அனுப்புவார். அவர் தன்னிடம் இல்லாததைக் கேட்டு, பதிலுக்கு வேறொன்றைப் பதிந்து அனுப்புவார். தபால் செலவைக் குறைக்க, அஞ்சல் தலையின் மேல் சோப்பையோ பசையையோ மெல்லியதாகத் தடவி ஒட்டுவார்கள். பெறுபவர் முத்திரை மையைக் கழுவிவிட்டு அதே தலையை மறுபடி ஒட்டித் திருப்பி அனுப்புவார். அஞ்சல் துறைக்கு இது நஷ்டம், இசைக்கு லாபம். எண்பதுகளில் கடைத்தெருவின் கேசட் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து அறுபது நிமிட நாடாவில் பதிந்து வாங்கிய நம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி என்னவென்றால், இங்கே கடைக்காரரே கிடையாது. ஒவ்வொருவரும் வாடிக்கையாளர், ஒவ்வொருவரும் கடை.

இந்த வலைக்கு இரண்டு குணங்கள் உண்டு. இரண்டும் என் வாதத்துக்கு முக்கியம். ஒன்று, நகலுக்கு நகல் எடுக்க எடுக்க ஒலி தேய்ந்தது. சிம்பலின் கூர்மையான ஓசை முதலில் மங்கும், இரைச்சல் ஏறும், நான்காம் ஐந்தாம் நகலில் கிடாரின் விவரங்கள் கரைந்துபோகும். நன்றாக எடுத்த பதிவும் வலுவான தாளமும்தான் இத்தனை தேய்மானத்துக்குப் பிறகு அடையாளம் தெரிகிற மாதிரி மிஞ்சும். சீஜ் நாடாவைப் பதிந்தது லூ ஜியோர்டானோ என்ற தேர்ந்த ஒலிப்பதிவாளர் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது, நகலெடுக்க நேரம் ஆகும். நாடா ஓடும் நேரம் பெரும்பாலும் பதியும் நேரமும்கூட. பத்துப் பேருக்கு அனுப்ப நினைப்பவர் பத்துத் தடவை அதை ஓடவிட வேண்டும். எனவே அக்கறை இல்லாத நாடா நகரவே நகராது. விளம்பரமும் விநியோகமும் செய்ய வேண்டிய தேர்வை இங்கே சோம்பல் செய்தது என்று சொல்லலாம்: அந்தச் சோம்பலைத் தாண்டும் அளவுக்கு யாராவது ஒருவருக்குப் பிடித்திருந்தால்தான் பாட்டு அடுத்த ஊருக்குப் போகும்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அங்கே நேபாம் டெத் என்ற குழுவில் இருபது வயதைத் தொடாத மிக் ஹாரிஸ் டிரம்ஸ் வாசிக்க வந்தார். தான் தேடிய வேகத்துக்குச் சீஜ் ஒரு அளவுகோல் என்பதை அவர் மறைத்ததில்லை. 1986 ஆகஸ்டில் அந்தக் குழு பதிவு செய்த பாட்டுகள்தான் ‘ஸ்கம்’ என்ற ஆல்பத்தின் முதல் பக்கம். அடுத்த சில மாதங்களில் குழு ஏறக்குறைய முழுதாகக் கலைந்து மறுபடி கூடியது. இரண்டாம் பக்கத்தை 1987 மே மாதம் வேறு ஆட்கள் பதிவு செய்தார்கள். இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஒரே ஆள் ஹாரிஸ். நாட்டிங்ஹாமின் இயரேக் நிறுவனம் அதை வெளியிட்டது. பி.பி.சி. வானொலியின் ஜான் பீல் அந்த ஆண்டே அவர்களைத் தன் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார். ஒரு நொடியைச் சற்றே தாண்டும் ‘யூ சஃபர்’ என்ற பாட்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கிரைண்ட்கோர் என்ற ஒரு புதிய இசை வகையே அதிலிருந்து கிளம்பியது. பாஸ்டனில் கலைந்துபோன ஒரு குழுவின் அடி, கடல் தாண்டி, வேறொருவர் கைகால்களில் தொடர்ந்தது. சீஜுக்கு யாரும் நினைவுச் சின்னம் எழுப்பவில்லை. அவர்கள் செய்ததை எடுத்து மேலும் செய்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். காலத்துக்கு முன் முடிந்த எதன் மேலும் மனிதருக்கு ஒரு மயக்கம் உண்டு. தோல்விப் படங்கள் எடுக்காத இயக்குநர், முதுமை காணாத நடிகர் என்று எத்தனையோ பேரை அப்படித்தான் உச்சத்தில் வைத்திருக்கிறோம். சீஜும் அந்த வகைதானே என்று கேட்கலாம். அந்த மயக்கத்துக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு கதை வேண்டும். நாடாவில் அனுப்பப்பட்ட குழுவுக்கு இரண்டுமே இல்லை. பர்மிங்ஹாமில் கேட்டவர்கள் அவர்களை மேடையில் பார்த்ததில்லை. நகலெடுத்த நாடாவோடு பெரும்பாலும் புகைப்படம்கூட வராது. குழு உயிரோடு இருக்கிறதா கலைந்ததா என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. கலைந்ததே தெரியாதவர்கள் அது கலைந்ததற்காக எப்படி மயங்க முடியும்? காவியம் பின்னால் வந்தது. தொண்ணூறுகளில் மறுபதிப்புகள் வந்த பிறகு, பத்திரிகைகள் கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகு, ‘இருபது நிமிடம் வாசித்துவிட்டு மறைந்தவர்கள்’ என்ற கதை ஒட்டவைக்கப்பட்டது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரத்துக் குழுவான ரிபல்ஷன். ஜெனரல் மோட்டார்ஸ் 1908-இல் பிறந்த ஊர் ஃப்ளின்ட்; எண்பதுகளில் அதே நிறுவனம் ஆலைகளை ஒவ்வொன்றாக மூட, ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. அங்கே ஸ்காட் கார்ல்சன், மேட் ஒலிவோ என்ற இரு நண்பர்கள் ஜெனோசைட் என்றும் பிறகு ரிபல்ஷன் என்றும் பெயர் வைத்து ஒரு குழு நடத்தினார்கள். 1986-இல் உள்ளூர் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் பணம் கொடுக்க, பதினெட்டுப் பாட்டுகளை அரை மணிக்குள் அடங்கும்படி பதிவு செய்தார்கள். எந்த நிறுவனமும் வெளியிட முன்வரவில்லை. அந்த ஆண்டே குழு கலைந்தது. நாடா மட்டும் தபாலில் சுற்றிக்கொண்டிருந்தது. லிவர்பூல் பக்கத்தைச் சேர்ந்த கார்கஸ் குழுவின் ஜெஃப் வாக்கரும் பில் ஸ்டீயரும் இயரேக்கின் கிளையாக ஒரு சிறு லேபிள் நடத்தினார்கள். அவர்கள் 1989-இல் அதை ‘ஹாரிஃபைடு’ என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். ‘ஸ்கம்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் கிடார் வாசித்தவரும் இதே ஸ்டீயர்தான். இல்லாத ஒரு குழுவின் ஆல்பத்தை வெளியிடுவதில் வியாபாரம் எதுவும் இல்லை. சுற்றுப்பயணம் போக ஆள் இல்லை, பேட்டி கொடுக்க ஆள் இல்லை. அந்த ஒலியைக் கேட்டுத் தங்கள் இசையை அமைத்துக்கொண்டவர்கள், மூலத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று நினைத்ததைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இது நேபாம் டெத்தின் புகழ் பின்னோக்கி விழுந்த வெளிச்சம்தானே என்பது அடுத்த மறுப்பு. பெரியவர்கள் பெயர் சொன்னதால் சின்னவர்கள் தெரிய வந்தார்கள். இதில் பாதி உண்மை. நேபாம் டெத் தங்களுக்கு வழிகாட்டியவர்களின் பாட்டுகளை மட்டும் திரட்டி 1999-இல் ஒரு சிறு தட்டும் 2004-இல் ஒரு முழு ஆல்பமும் வெளியிட்டது; முதலாவதில் ரிபல்ஷன் பாட்டு ஒன்றும், இரண்டாவதில் சீஜின் ‘கன்ஃபார்ம்’ பாட்டும் உண்டு. அதனால் பல புதியவர்கள் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். ஹாரிஸ் சீஜை எடுத்துக்கொண்டபோது நேபாம் டெத்துக்குப் புகழே இல்லை. வெளிச்சம் போட விளக்கே அப்போது கிடையாது. மேலும் அந்த வழியில் வராதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கூடிய ஒரு குழு தன் பெயரையே டிராப்டெட் என்று வைத்துக்கொண்டது. வேமத்திலிருந்து அதிக தூரமில்லாத ஊர் அது. அவர்களுக்குச் சீஜ் பற்றிச் சொல்லப் பர்மிங்ஹாம்காரர் தேவைப்பட்டிருக்காது.

இவற்றைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. தப்பிப் பிழைத்ததை வைத்துக்கொண்டு பேசுகிறோம். தபாலில் தொலைந்துபோன நூற்றுக்கணக்கான நாடாக்களில் இதைவிட நல்ல இசை இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம். இதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மறுக்க வேண்டியதும் இல்லை. நல்ல இசை தானே நிலைக்கும் என்று வாதிட்டால்தான் இந்தக் கேள்வி அடிக்கும். நான் சொல்வது, தரம் மட்டும் போதாது, எடுத்துப் புழங்க ஆள் வேண்டும் என்பது. ஃப்ளின்ட் கடைக்காரர் பணம் கொடுக்காதிருந்தால் ‘ஹாரிஃபைடு’ இல்லை. தற்செயலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் தற்செயலாக வந்து சேர்ந்த நாடாவை வருஷக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல.

புழங்குவதால் நிலைக்கிறது என்றால், புழங்காத பகுதி மறந்துபோக வேண்டும். உண்மையில் அப்படித்தான் ஆயிற்று. என் வாதத்துக்கு ஆகச் சிறந்த சான்றாக இதையே கருதுகிறேன். ‘டிராப் டெட்’ நாடாவின் கடைசிப் பாட்டு ‘கிரிம் ரீப்பர்’. மற்றவை எல்லாம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் பறந்துபோக, இது மட்டும் ஏழு நிமிடத்தைத் தாண்டிப் புதைசேற்றில் நடப்பது போல் இழுத்துக்கொண்டு போகிறது. அதில் மஹோனி சாக்ஸபோன் வாசிக்கிறார். இனிமையான சாக்ஸபோன் அல்ல, முனகலும் அலறலுமாக. 1984-இல் ஒரு ஹார்ட்கோர் நாடாவில் இதைச் செய்ய அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்தக் குழு வேகத்தை மட்டும் நினைக்கவில்லை, எல்லையைத் தாண்டுவது என்றால் மெதுவாகவும் தாண்டலாம் என்று நினைத்திருக்கிறது. ஆனால் சீஜ் என்றதும் எல்லோரும் சொல்வது வேகத்தைத்தான். பின்வந்தவர்கள் வேகத்தை எடுத்துக்கொண்டார்கள், சாக்ஸபோனை விட்டுவிட்டார்கள். எனவே நினைவிலும் வேகம் நின்றது, சாக்ஸபோன் அடிக்குறிப்பாயிற்று. 1991-இல் ஜாஸ் கலைஞர் ஜான் ஸோர்ன் பெயின்கில்லர் என்ற மூவர் குழுவில் சாக்ஸபோன் அலற, பக்கத்தில் டிரம்ஸ் அடித்தவர் அதே மிக் ஹாரிஸ். கேட்பதற்கு வட்டம் முடிந்தது போல் இருக்கிறது. ஆனால் ஸோர்ன் தன் சொந்த ஜாஸ் மரபிலிருந்து அங்கே வந்தவர். இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசையை அடக்கிக்கொள்வதுதான் நேர்மை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நகலெடுத்தவர்கள் காப்பாற்றினார்கள் என்று புகழும்போது, வாசித்தவர்களுக்கு அதில் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதிரி நாடா என்பதே கைமாறுவதற்காகச் செய்யப்படுவது, அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை என்பது சரிதான். ஆனாலும் ரிலாப்ஸ் நிறுவனம் ‘டிராப் டெட்’டை ஒழுங்காக வெளியிட்டது 1994-இல், பதிவாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் அவர்கள் திறந்த வழியில் பலர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டார்கள். அதனால்தான், கலைந்த குழுக்கள் பிற்காலத்தில் மறுபடி கூடினால் நினைவு கெட்டுப்போகும் என்று முகம் சுளிக்கும் ரசிகர்களோடு என்னால் சேர முடியவில்லை. ரிபல்ஷன் இரண்டாயிரத்துக்குப் பிறகு மீண்டும் மேடையேறியது. சீஜும் வேறு பாடகருடன் வாசித்தது. ரிபல்ஷனின் கார்ல்சன் இன்னொரு காரியமும் செய்தார்: ‘ஸ்கம்’ இரண்டாம் பக்கத்தின் பாடகர் லீ டோரியன் பின்னர் தொடங்கிய கதீட்ரல் குழுவில் சேர்ந்து, 2013-இல் வந்த அதன் கடைசி ஆல்பத்தில் பேஸ் வாசித்தார். இதையெல்லாம் கூடாது என்று சொல்பவர்கள் நேசிப்பது இசையை அல்ல, தங்கள் அலமாரியில் இருக்கும் அரிய பொருளை.

நேர்மாறான ஒன்றும் யோசிக்கத்தக்கது. நேபாம் டெத் கலையவில்லை. இன்றும் ஆல்பம் போடுகிறது, உலகம் சுற்றுகிறது. ஆனால் இப்போதைய உறுப்பினர்களில் ஒருவர்கூட ‘ஸ்கம்’ ஆல்பத்தில் வாசித்தவர் இல்லை. பெயர் தொடர்கிறது, ஆட்கள் முழுதாக மாறிவிட்டார்கள். சீஜ் விஷயத்தில் பெயர் நின்றுபோயிற்று, வாசிப்பு பிறர் கையில் தொடர்ந்தது. எது உயிரோடு இருக்கும் குழு, எது முடிந்த குழு என்று கோடு போடுவது நாம் நினைக்கும் அளவு சுலபம் இல்லை.

இன்று இவை எல்லாம் செல்பேசியில் கிடைக்கின்றன. கழுவிய அஞ்சல் தலையும் தேய்ந்த நாடாவும் தேவையில்லை. மறந்துபோன நூறு குழுக்களின் மாதிரி நாடாக்களை யாரோ பொறுமையாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். அவற்றில் பல சில நூறு பேர் கேட்டதோடு கிடக்கின்றன. கிடைப்பது கூடிவிட்டது, எடுத்து வாசிப்பவர் தொகை அதே வேகத்தில் கூடவில்லை. இந்த இசை பழக்கமில்லாத வாசகர் கேட்டுப் பார்க்க நினைத்தால், ஒலியைப் பாதியாக வைத்துக்கொண்டு ‘டிராப் டெட்’ நாடாவின் முதல் இரண்டு பாட்டுகளையும், உடனே ‘ஸ்கம்’ ஆல்பத்தின் முதல் சில நிமிடங்களையும் கேட்கலாம். ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனித்தால் போதும். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று காதுக்கே தெரியும். பிறகு பொறுமை மிச்சமிருந்தால், அந்த ஏழு நிமிடச் சாக்ஸபோனையும் கேட்டுவிடுங்கள். அதை எடுத்துக்கொண்டு போக இன்னும் ஆள் தேவைப்படுகிறது.